உலகு மைனிக்கு உறக்கம் வரவில்லை

சித்திரை 11

கொம்பையா வைத்தியர் இன்று குழிக்குள் போய்விட்டார். போகும் முன் இந்த நோட்டை என் கையில் திணித்தார். "தினம் ரெண்டு வரியாவது எழுதி வையி ஆவுடை. மழைக்குப் பெறவு கரையில இருக்க டாக்டருக்குக் கொடுத்தனுப்புதேன். அவருக்கு நம்ம ஒடம்பப் பத்தி ஒண்ணுந் தெரியாது. இந்த நோயப் பத்தி எனக்கே ஒண்ணுந் தெரியாது" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் சொருகியது. வைத்தியரால் உட்காரக்கூட முடியவில்லை, நோயாளி பக்கத்தில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு இருக்கிறார்.

கரை டாக்டர் ஐயா, உங்கள் ஊரில் எங்களை மணலுறங்கி என்று சொல்வதாகக் கேள்வி. பேர் வைத்தவருக்கு வேறு வேலை இல்லை போலும். உங்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். செந்தேரியில் கோடை வந்துவிட்டால் தண்ணீர் இல்லை, தழை இல்லை, ஒன்றும் இல்லை. அதனால் சித்திரையில் ஒவ்வொருவராக மணலுக்குள் போய்ப் படுத்துவிடுவோம். ஐப்பசி மழை நெற்றியில் சொட்டும்வரை எழுந்திருக்க மாட்டோம். இடுப்பைச் சுற்றி எங்களுக்குக் கொழுப்புத் திரண்டிருக்கும். அத்தனை மாதத்துக்கும் அதுதான் சோறு. உறங்கிக் கிடந்தால் அது போதும். விழித்திருந்தால் ஆவணிக்குள் கரைந்துவிடும், ஆளும் போய்விடும்.

ஒருவர் உறங்கிவிட்டார் என்பதற்கு இரண்டு அடையாளம். எங்கள் கண்ணுக்குள் இன்னொரு இமை உண்டு, அது பால்போல வெளுத்துவிடும். நாடி ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வைத்துவிடலாம், அவ்வளவு மெதுவாக நடக்கும். இரண்டையும் பார்த்த பிறகே மணல் தள்ளி மூட வேண்டும். மூடியபின் மேலே களிமண் பூச வேண்டும். பூசாவிட்டால் ஆனி ஆடிக் காற்று மணலை வாரிக்கொண்டு போய்விடும், வெயில் ஆளைக் கருவாடாக்கிவிடும்.

என் வீட்டுக்காரரின் அக்கா உலகு. நான் மைனி என்று கூப்பிடுவேன். மைனிக்கு இந்த வருஷம் உறக்கம் வரவில்லை. அதுதான் நோய்.

சித்திரை 13

மைனிக்குத் துணையாக யார் விழித்திருப்பது என்று பேச்சு வந்தபோது என் வீட்டுக்காரர் தளவாய்தான் முதலில் மார்தட்டினார். "எங்க அக்காவ நான் பாத்துக்கிட மாட்டேனா?" என்றார். சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தவர் அப்படியே உறங்கிப்போனார். அவரைத் தரதரவென்று இழுத்துப்போய்க் குழியில் கிடத்தி மூடியது நான். நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து, "நாலு நாள்ல அவளுக்கு வந்துரும். ஒடனே நீயும் வந்து படுத்துரு" என்றார். உடன்பிறந்தவர் அவர், காவல் நான். நன்றாக இருக்கிறது நியாயம்.

பூசி முடித்து நிமிர்ந்தால் மைனி இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

"ஏட்டி, இது பூச்சா? இல்ல, வடை தட்டுதியா?"

"உங்க தம்பிக்கு இது போதும் மைனி."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நான் பூசியது அத்தனையும் சுரண்டி எடுத்துவிட்டு, முதலிலிருந்து பூசினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் செய்கிற ஒரு வேலையும் அவருக்குப் பிடித்ததில்லை. ஆனால் அவர் கைப்பூச்சைக் குறை சொல்ல முடியாது. விரல் தடம் வரிவரியாக, ஓரம் மடிந்து, விரிசல் விழாமல் அப்படியே நிற்கும்.

சித்திரை 17

வைத்தியர் சொன்னபடி செய்கிறேன். கசப்பு வேரை அரைத்து உச்சந்தலையில் வைத்தேன். ஈரத்துணியை வயிற்றில் போட்டேன். பொழுது சாயும் நேரத்தில் ஒரு பிடி வறுத்த மாவு மட்டும், அதற்கு மேல் கிடையாது. வயிறு நிறைந்தால் உறக்கம் கலைந்துவிடுமாம். குழியில் படுக்கவைத்து, மேலே ஓலை போட்டு இருட்டாக்கினேன். விளிம்பில் உட்கார்ந்து வாய்க்கு வந்த கதை எல்லாம் சொன்னேன்.

கதை பாதியில் நான் உறங்கிவிட்டேன். தோளில் தட்டி எழுப்பியவர் மைனி.

"தாலாட்டு நான் பாடணுமோ ஒனக்கு?" என்றார்.

சித்திரை 18

வரவில்லை. அவருக்கு.

சித்திரை 22

எல்லோரும் போயாயிற்று. மேலே நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். பேச ஆள் இல்லாததால் மைனி என்னோடு பேசுகிறார்.

இன்றைய வேலை: நரி பறித்த இரண்டு குழிகளை மூடினோம். தண்ணீர்ப் பானைகளை நிழலுக்கு மாற்றினேன். களிமண் இன்னும் இரண்டு கூடை மிச்சம் இருக்கிறது. மைனிக்கு இடுப்புத் திரட்சி கொஞ்சம் வற்றியிருக்கிறது. சேலைக் கொசுவத்தை இறுக்கிக் கட்டி மறைக்கிறார். நானும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

எனக்கு நின்றால் உறக்கம், நடந்தால் உறக்கம். பானையைத் தூக்கும்போது பானையிலேயே தலையைச் சாய்க்கலாம் போலிருக்கிறது.

சித்திரை 26

வைத்தியருக்கு இது தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். மைனிதான் எழுதியே ஆக வேண்டும் என்கிறார்.

நேற்று அரை உறக்கத்தில் களிமண் கூடைக்குப் பதிலாக வறுத்த மாவை எடுத்துப் பிசைந்திருக்கிறேன். அதை வைத்தியர் குழிமேல் நன்றாகத் தடவி, தண்ணீர் தொட்டு மெழுகியும் விட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் எறும்பு. செந்தேரியில் உள்ள எறும்பு எல்லாம் வைத்தியர் வீட்டு விருந்துக்கு வந்துவிட்டது. நாள் முழுக்க வழித்து எடுத்து, சாம்பல் தூவி, மறுபடி களிமண் பூசினோம்.

மைனி சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து சிரித்தார். "என் பூச்சக் கொற சொல்ல வந்துட்டாள்னு என்னைய வையுவியே, இன்னைக்கு வையி பாப்போம்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அவர் வீட்டுக்காரர் அண்ணாச்சி இருந்த காலத்தில்தான். எனக்கு மாவு போன வருத்தம்கூட வரவில்லை.

வைகாசி 2

மைனி இன்று அவராகவே பேசினார். நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

அண்ணாச்சி போன கோடையில் குழியிலேயே இறந்துபோனார். மைனியும் அவரும் ஒரே குழியில் படுத்தவர்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மழை வந்து மைனி எழுந்தபோது பக்கத்தில் அவர் எழவில்லை, அவ்வளவுதான் நாங்கள் அறிந்தது.

"என் சேலத் தலப்பு அவிய கையில இருந்துச்சு ஆவுடை. சும்மா கெடக்கல, சுத்திப் பிடிச்சிருந்தாவ. இழுத்திருக்காவ. தலப்புக் கிழிஞ்சிருந்துச்சு. என்னைய எழுப்பப் பாத்திருக்காவ. நான் சொகமா ஒறங்கியிருக்கேன்."

தலைப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே மேலும் சொன்னார்.

"இப்ப கண்ண மூடுனா யாரோ சேலய இழுக்காப்ல இருக்கு. ஒடனே முழிச்சுக்கிடுதேன்."

வைத்தியரிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். "இதுக்கு எந்த வேர அரைப்பாரு அவரு?" என்றார்.

கரை டாக்டர் ஐயா, உங்கள் மருந்துப் பெட்டியில் இதற்கு ஏதாவது இருக்குமா?

வைகாசி 3

இன்று மைனியின் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்தேன். "நீங்க ஒறங்குங்க. நான் முழிச்சு இருக்கேன். யாரு சேலய இழுத்தாலும் கையத் தட்டிவிடுதேன். நீங்க ஒறங்குற வரைக்கும் நான் குழிக்குள்ள போவ மாட்டேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. இத்தனை வருஷம் ஒரே வளவில் இருந்தும் இது இப்போதுதான் தெரிகிறது.

வைகாசி 9

மைனியின் கை எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒரு பிடி மாவை இரண்டு பிடியாக்கினேன். உறக்கம் கலையும் என்று வைத்தியர் சொன்னார்தான். இல்லாத உறக்கம் எங்கே கலைய?

என் குழியையும் இன்று வெட்டினேன், மைனியின் குழிக்குப் பக்கத்தில். கடைசியாகப் படுக்கிறவரை மூட ஆள் கிடையாது. அதனால் தலைமாட்டிலும் இரண்டு பக்கமும் மணலைக் குவித்து, பலகை கொடுத்து நிறுத்த வேண்டும். படுத்து, உறக்கம் கண்ணைக் கட்டும் நேரத்தில் காலால் பலகையைத் தட்டினால் மணல் சரிந்து மூடிவிடும். களிமண் பூச்சு மட்டும் இருக்காது. ஆடிக் காற்று தப்பித்தவறி வேறு பக்கம் அடித்தால் பிழைத்தோம். போன வருஷம் கடைசியாகப் படுத்தவருக்கு ஒரு பக்கத் தோல் முழுக்க உரிந்து கிடந்தது. அதற்கு முந்தின வருஷத்து ஆள் எழவில்லை.

எனக்கு இன்னொரு கெடுவும் உண்டு. வைகாசி முடிவதற்குள் நான் படுத்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் என் உறக்கமும் முறிந்துவிடும், மைனியின் நோய் எனக்கும் வந்துவிடும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். மைனிக்கும் இது தெரியும்.

வைகாசி 14

இன்று மைனியை வெறுத்தேன். உள்ளதை எழுதுகிறேன்.

நடக்கும்போது முழங்கால் மடங்குகிறது. நாக்கு தடித்துப் பேச்சு குழறுகிறது. சத்தியம் கேட்டாரே, அந்த நேரத்தில் என்ன அவசரம் எனக்கு? எத்தனை பேர் நிம்மதியாக மண்ணுக்குள் கிடக்கிறார்கள். தளவாயின் குழிமேல் போய் உட்கார்ந்து பூச்சைக் கையால் தட்டினேன். தட்டினால் எழுந்து வரப்போகிறாரா?

மைனி தூரத்தில் நின்று பார்த்தார். கிட்டே வரவில்லை.

வைகாசி 16

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியாது.

இன்று பொழுது சாயும் நேரம் மைனிக்கு உறக்கம் வந்தது. நிஜமாக வந்தது. சேலைத் தலைப்பை என் கையில் சுற்றிக்கொள்ளச் சொன்னார். "நீ பிடிச்சிருக்கன்னு தெரிஞ்சா இழுத்தாலும் பயமில்ல" என்றார். நான் சுற்றிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளிமை ஓரத்திலிருந்து வெளுத்து வந்தது. நாடியைப் பிடித்தேன். மெதுவாகிக்கொண்டே போனது. ஒரு துடிப்பு, அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வந்தது. வைத்தியரின் வேரும் இல்லை, கதையும் இல்லை, ஒரு சேலைத் தலைப்புத்தான் மருந்து.

பிறகு செம்பு குழிக்குள் விழுந்தது. தண்ணீர் அவர் முகத்தில் கொட்டியது. அலறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

செம்பு விளிம்பில்தான் இருந்தது. எப்படி விழுந்தது என்று மைனி கேட்கவில்லை. என் முழங்கை ஈரமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, முந்தானையால் துடைத்துவிட்டார்.

வைகாசி 17

தலைப்பைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். வரவில்லை.

வைகாசி 18

வரவில்லை. ஆனால் ஒருமுறை வந்தது இன்னொரு முறையும் வரும். எனக்கு நிச்சயம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

வைகாசி 21

இன்று எனக்கு நல்ல தெம்பு. காலையிலிருந்து ஒரு கொட்டாவி இல்லை. நரி பறித்த பக்கத்தில் முள் வெட்டிப் போட்டேன். பானைகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். களிமண்ணைச் சலித்துக் கல் பொறுக்கினேன். நடுப்பகலில்கூட உட்காரத் தோன்றவில்லை. மணலில் உள்ள ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகத் தெரிகிறது. பசி மட்டும் எடுக்கிறது. மைனிக்குத் தெரியாமல் ஒரு பிடி மாவு அதிகமாகத் தின்றுவிட்டேன்.

இப்படித் தெம்பு முன்னாலேயே வந்திருந்தால் இந்தப் பாடு பட்டிருக்க வேண்டாம். பழகிவிட்டது என்று நினைக்கிறேன்.

மைனி நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கிறார் என்று அப்புறம்தான் புரிந்தது.

"எப்ப இருந்து ஏட்டி?"

"என்னது எப்ப இருந்து?"

"கொட்டாவி விடாம இருக்கியே, எப்ப இருந்துன்னு கேக்கேன்."

"நேத்துல இருந்து. நல்லதுதானே மைனி?"

கையை விட்டுவிட்டார்.

வைகாசி 22

பெரிய சண்டை.

"நீ இன்னைக்கே போய்ப் படு. நான் ஒன்ன மூடிப் பூசுதேன். என்னைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"சத்தியம் பண்ணியிருக்கேன்லா?"

"சத்தியத்தத் தூக்கிக் குப்பையில போடு. எனக்கு வந்தது ஒன்னய ஒட்டுது, தெரியலையா ஒனக்கு?"

"எனக்கு ஒண்ணும் ஒட்டல. நல்லாத்தான் இருக்கேன்."

"எங்க தம்பி முழிச்சு வந்து பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"உங்க தம்பி வந்து அக்கா எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்லணும்? நீங்க ஒறங்காம நான் போவ மாட்டேன். பேச்ச விடுங்க."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. கோபித்துக்கொண்டு தன் குழியில் போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் மாவு கொண்டுபோனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

வைகாசி 24

மைனி உறங்கிவிட்டார்.

நேற்று முழுக்க எழுந்திருக்கவில்லை. இன்றும் கண்ணை மூடியபடியே கிடந்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், அசையவில்லை. தோளைத் தொட்டேன், அசையவில்லை. சூரியன் இறங்கிய பிறகு விரலால் மேலிமையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். உள்ளே வெளுத்திருந்தது. வெளிச்சம் குறைவுதான், ஆனாலும் வெளுப்பு வெளுப்புத்தானே. இதற்கு மேல் ஒருவர் எப்படி உறங்குவது?

நாடி பார்க்கவில்லை. போன தடவை நாடி பார்க்கப் போய்த்தான் எழுந்துவிட்டார். மறுபடியும் எழுப்பிவிட்டால் யார் பொறுப்பு? பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. கண்ணே சொல்லிவிட்டது.

மணலைக் காலிலிருந்து மெதுவாகத் தள்ளினேன். கழுத்துக்கு வந்தபோது ஒரு நிமிஷம் நிறுத்தினேன். மூக்கு விடைத்தது போல இருந்தது. மணல் வாசம் பட்டால் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். முகத்தில் ஓலையை வைத்து, அதன்மேல் மெல்லிசாக மணல் போட்டு மூடிவிட்டேன். களிமண்ணையும் பூசினேன். சுமாராகத்தான் வந்தது. மழைக்குப் பிறகு எழுந்து வந்து திட்டட்டும்.

சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன். இடுப்பிலிருந்து பெரிய பாரம் இறங்கினது போல இருக்கிறது. அழுதேன், ஏன் என்று தெரியவில்லை.

வைகாசி 25

மைனியின் குழிப் பூச்சில் காலையில் ஒரு விரிசல். தலைமாட்டில். என் பூச்சு எப்போதும் அப்படித்தான். கொஞ்சம் களிமண் அப்பினேன்.

என் குழிக்குப் பலகை கொடுத்துத் தயாராக வைத்துவிட்டேன். மிச்சம் இருக்கும் மாவையும் தண்ணீரையும் மூடி நிழலில் வைத்தேன். களிமண் கூடையையும் மூடி வைத்தேன். யாருக்கு என்று கேட்டால் பதில் இல்லை. வைக்கத் தோன்றியது, வைத்தேன்.

படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மண்ணில் முதுகு பட்டதும் கொட்டாவி வந்துவிட்டது. அப்பா, எவ்வளவு நாளைக்குப் பிறகு. எனக்கு நோய் ஒட்டியிருக்கிறது என்று மைனி பயந்தது வீண். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அதை இப்போது நினைக்க வேண்டாம்.

பக்கத்துக் குழியில் மணல் பொலபொலவென்று சரிகிற சத்தம் கேட்கிறது. காற்று தொடங்கிவிட்டது போல. வைகாசியிலேயே தொடங்குகிற வருஷமும் உண்டு.

எழுந்து பார்க்கலாம். பார்க்க வேண்டும். உடம்பு அசைய மாட்டேன் என்கிறது. நோட்டைத் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைக்கிறேன். இனி பலகைதான்.

ஐப்பசி 4

நேற்று மழை. என்னை எழுப்பியது மழை இல்லை, கடப்பாரைச் சத்தம்.

தளவாய் எழுந்து வந்து என் குழிமேல் இடித்துக்கொண்டிருந்தார். மழை எல்லார் பூச்சையும் கரைத்துவிட்டது, என்னுடையதை மட்டும் கரைக்க முடியவில்லையாம். "என்னட்டி இது, ஒம்மேல யாரு கோட்ட கட்டி வச்சது?" என்று மேலிருந்து அவர் குரல் கேட்டது. பூச்சுக்கு மேல் பூச்சு, அதற்கு மேல் பூச்சு. ஒன்று காய்ந்து வெடிக்க வெடிக்க மேலே இன்னொன்று தடவியிருக்கிறது. உடைந்த கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். வரிவரியாக விரல் தடம், ஓரம் மடித்தது.

"அக்கா கைப்பூச்சுல்லா இது" என்றார்.

என் தோலில் ஒரு கீறல்கூட இல்லை. வைத்தியர் குழி, மற்றவர்கள் குழி எல்லாவற்றிலும் கரையாமல் மிஞ்சிய களிமண்ணில் அதே விரல் தடம் இருக்கிறது. ஆடிக் காற்று அரித்த இடமெல்லாம் ஒட்டுப் போட்டிருக்கிறது. களிமண் கூடை துடைத்து வைத்ததுபோலக் காலி. தண்ணீர்ப் பானைகளும் காலி. அதில் எவ்வளவு அவர் குடித்தார், எவ்வளவு எங்கள்மேல் பூசினார் என்று யார் சொல்ல?

மைனி அவருடைய குழியில் இருந்தார். மல்லாந்து, கை இரண்டையும் வயிற்றின்மேல் வைத்து, நேராகப் படுத்திருந்தார். மேலே மணல் இல்லை. இரண்டு பக்கமும் மணல் குவித்து நிறுத்திய அடையாளம் இருந்தது. பலகை காலடியில் விழுந்து கிடந்தது. அவராகத் தட்டியிருக்கிறார். உடம்பு உலர்ந்து, தூக்கினால் கனமே இருக்காது போல இருந்தது. சேலைத் தலைப்பைத் தன் கையிலேயே சுற்றியிருந்தார்.

வைத்தியர் குனிந்து மேலிமையைத் தூக்கினார். உள்ளிமை முழுசாக வெளுத்திருந்தது. ஓரத்திலிருந்து ஓரம் வரை, பால்போல.

"வந்திருக்கு" என்றார் வைத்தியர். "ஆடிக் கடைசியிலயோ ஆவணியிலயோ ஒறக்கம் வந்திருக்கு. நல்ல ஒறக்கம். பூசத்தான் ஆளில்ல. காத்து மணல வாரிட்டுப் போயிட்டு."

தளவாய் மண்ணில் உட்கார்ந்து அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஆவுடை மேல ஒரு தப்பும் இல்ல. அக்கா ஒறங்குற வரைக்கும் இருந்து மூடியிருக்கா. நடுவுல முழிப்பு வந்திருக்கு, அது நோயி. அதுக்கு யாரு என்ன செய்ய?" வைத்தியரும் ஆமாம், அப்படியும் நடக்கும் என்றார். வந்தவர்கள் ஒவ்வொருவராக என் தலையில் கைவைத்து, நல்லா இரு தாயி என்றார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கரை டாக்டர் ஐயா, எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழி திறந்தால் மூடியவர்தான் முதலில் பேச வேண்டும். "நான் மூடினேன், நீ ஒறங்கினே" என்று சொல்ல வேண்டும். எழுந்தவர் "ஒறங்கினேன்" என்பார். அதற்குப் பிறகே தண்ணீர் கொடுப்போம். எழாதவருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். பதில் வராது என்று தெரிந்தாலும் சொல்லிவிட்டுத்தான் மண் போடுவோம். என்னைத் திறந்தபோது எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. தளவாய் பேசாமல் செம்பை நீட்டினார், நானும் பேசாமல் குடித்தேன்.

இன்று காலை எல்லாரும் மைனியைச் சுற்றி நின்றார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வைத்தியர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் குழியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"நான் மூடினேன் மைனி" என்றேன்.

மிச்சத்துக்காக எல்லாரும் காத்து நின்றார்கள். தளவாய் பின்னாலிருந்து மெதுவாக, "சொல்லு ஆவுடை" என்றார்.

"நாடி பாக்கல" என்றேன்.